கல்குளத்து அரண்மனையும் எங்கள் ஓட்டு வீடும்

மலர்க்குழு நண்பர் போன் செய்து, "நீ கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன்தானே, பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடு" என்று கேட்டார். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அரண்மனைக்கும் எங்கள் ஊருக்கும் பஸ்ஸில் கால் மணி நேரம்தான். ஆனால் உள்ளே எத்தனை தடவை போயிருக்கிறேன்? பள்ளிக்கூடத்தில் எக்ஸ்கர்ஷன் கூட்டிப் போனபோது ஒரு தடவை. மூன்றாம் ஆண்டில், 2009 ஜனவரியில், நம்ம சிவில் பேட்ச் டூர் வந்தபோது ஒரு தடவை. அவ்வளவுதான்.

அந்த டூர் பலருக்கும் ஞாபகம் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குக் கோவளம் போயாக வேண்டும் என்ற அவசரத்தில், மொத்த அரண்மனையையும் நாற்பதே நிமிஷத்தில் சுற்றி முடித்தோம். கூட வந்த பேராசிரியர், "கூரையைப் பாருங்கப்பா, கூரையைப் பாருங்க" என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எனவே இந்தக் கட்டுரைக்காகவே மூன்றாவது தடவை போனேன். பேட்ச்மேட்ஸ் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். இந்தத் தடவை நாற்பது நிமிஷம் இல்லை, நாலு மணி நேரம். பேராசிரியர் சொன்னபடி கூரையைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, வேறு ஒரு கூரை ஞாபகத்துக்கு வந்து மனசைக் குத்தியது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அரண்மனை.

கல்குளம் பத்மநாபபுரம் ஆன கதை

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலை. அங்கிருந்து சுமார் 2 கி.மீ. உள்ளே போனால் கோட்டைச் சுவர் தெரியும். சுற்றளவு சுமார் 4 கி.மீ. உள்ள அந்தக் கருங்கல் கோட்டைக்குள், வேளிமலையின் அடிவாரத்தில், ஏறக்குறைய 6.5 ஏக்கரில் அரண்மனை இருக்கிறது. ஊரின் பழைய பெயர் கல்குளம். தாலுகாவுக்கு இன்றும் அந்தப் பெயர்தான்.

வேணாட்டு அரசர்களின் இருப்பிடமாக இருந்த இடம் இது. 1601-ல் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் அரண்மனை எழுந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. உள்ளே இருக்கும் 'தாய்க் கொட்டாரம்' அதற்கும் முந்தியது, 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. கொட்டாரம் என்றால் எங்கள் பக்கத்தில் அரண்மனை.

இன்று நாம் பார்க்கும் உருவத்தை இதற்குக் கொடுத்தவர் மார்த்தாண்ட வர்மா. 1729-ல் அவர் பட்டத்துக்கு வந்தபோது வேணாடு சின்ன ராஜ்யம். உள்ளே பிரபுக்களின் தொல்லை, வெளியே டச்சுக்காரர்களின் மிளகு வியாபாரப் போட்டி. இரண்டையும் அவர் சமாளித்தார். 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தார். அங்கே பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். ராஜா அவரைச் சிறையிலேயே வைத்திருக்காமல் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். எதிரியாக வந்த மனுஷர் 'வலிய கப்பித்தான்' ஆகி, 1777-ல் இறக்கும்வரை திருவிதாங்கூருக்கே உழைத்தார். அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறையை இன்றும் பார்க்கலாம். அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. அந்தக் கால அரசாங்கத்தில் தமிழுக்கு என்ன இடம் இருந்தது என்பதற்கு அந்தக் கல் ஒன்றே போதும்.

1750-ல் மார்த்தாண்ட வர்மா தம் ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்து, தாம் பத்மநாபதாசனாக இருந்து ஆள்வதாகச் சொன்னார். திருப்படி தானம் என்பது அதுதான். கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் அவர் காலத்தில்தான்.

உள்ளே போவோம்

செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நல்லதாகப் போயிற்று. இந்த அரண்மனையைக் கண்ணால் பாதி, உள்ளங்காலால் பாதி பார்க்க வேண்டும்.

முதலில் பூமுகம். மேலே மரக்கூரையில் தொண்ணூறு பூக்கள், ஒன்று போல் ஒன்று இல்லை. சங்கிலியில் ஒரு வெண்கலக் குதிரை விளக்கு தொங்குகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும்படி சங்கிலிக் கண்ணிகளை அமைத்திருக்கிறார்கள். சீனக்காரர்கள் கொடுத்த நாற்காலி ஒன்று, ஒரே கல்லில் செய்த கட்டில் ஒன்று. இந்த இடத்தில்தான் பேட்ச்மேட் கேட்டான்: "டேய், சந்திரமுகி அரண்மனை இதுதானே?" இல்லை. 1993-ல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படத்தின் சில காட்சிகள்தான் இங்கே எடுக்கப்பட்டவை. சந்திரமுகி அந்தக் கதையின் வாரிசு. "அப்ப இது சந்திரமுகிக்குப் பாட்டி வீடு" என்றான். இருக்கட்டும்.

மாடியில் மந்திரசாலை. ராஜா அமைச்சர்களோடு ஆலோசித்த அறை. வெயில் உச்சியில் இருந்த நேரம். உள்ளே நுழைந்ததும் யாரோ ஏ.சி.யைப் போட்டது போல் இருந்தது. ஃபேன்கூட இல்லை. சுவருக்குப் பதில் சாய்வான மரச் சட்டங்கள். காற்று வரும், மழை வராது. உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக நிறமேற்றிய மைக்கா. தரையோ கன்னங்கரேல் என்று முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிறது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்று கைடு சொன்னார். நாம் எத்தனை கான்கிரீட் மிக்ஸ் டிசைன் போட்டிருப்போம்! பத்து வருஷத்தில் புழுதி கிளம்பாத தரை எத்தனை போட்டிருக்கிறோம் என்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தாய்க் கொட்டாரம் நாலுகெட்டு வீடு. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் சாய்ந்து இறங்கும் கூரை. ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலா மரத்தில் கடைந்து செதுக்கிய தூண் ஒன்று நிற்கிறது. இங்கிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்குச் சுரங்கப்பாதை உண்டு என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை.

ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆள் உள்ளே இறங்கலாம் போன்ற ஊறுகாய் பரணிகள் இன்னும் இருக்கின்றன. மணிமாளிகைக் கடிகாரம் எடைக்கல் கீழிறங்கும் விசையில் ஓடுவது. பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை.

உப்பரிகை மாளிகை மார்த்தாண்ட வர்மா கட்டிய நாலு நிலை மாளிகை. கீழே கஜானா. அதற்கு மேலே ராஜாவின் மூலிகைக் கட்டில். 64 வகை மரத்தால் ஆனது, டச்சுக்காரர்கள் கொடுத்தது என்பார்கள். அதற்கும் மேலே ராஜா ஓய்வெடுத்த அறைகள். உச்சி நிலை மட்டும் ராஜாவுக்கு இல்லை, பத்மநாப சுவாமிக்கு. சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியங்கள். அணையா விளக்கு எரியும் அந்த அறைக்குப் பொதுமக்களை விடுவதில்லை.

நவராத்திரி மண்டபம் மட்டும் கல். மற்ற இடமெல்லாம் மரத்தில் செய்த வேலையைக் கல்லிலும் செய்வோம் என்று காட்டியது மாதிரி நுணுக்கமான தூண்கள். அரண்மனைப் பெண்கள் மறைவாக இருந்து கச்சேரி பார்க்க மரச் சட்டம் போட்ட அறை பக்கத்தில் இருக்கிறது.

தலைநகர் போன பிறகு

1795-ல் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. சிவில் என்ஜினியராக நான் கவனித்தது இங்கேதான். ஒரு கட்டடத்தின் ஆயுளில் ஆபத்தான கட்டம், ஆள் காலி செய்த பிறகு வருவது. கல் கட்டடம் என்றால் தாங்கும். இது மரமும் ஓடும். வருஷத்தில் இரண்டு பருவமழை. கரையான் வேறு. நாலு மழைக்காலம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் போதும், கதை முடிந்தது.

1809-ல் வேலுத்தம்பி தளவாயின் கலகத்தின்போது ஆங்கிலேயர் படை ஆரல்வாய்மொழியை உடைத்து உள்ளே வந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டை இல்லாமல் கைமாறின. அதனால் பீரங்கிக்கு அரண்மனை தப்பியது. மழைக்குத் தப்பியது எப்படி?

ஆட்சி போனாலும் வழிபாடு போகவில்லை என்பது ஒரு காரணம். கோட்டைக்குள் சரஸ்வதி கோயில் இருக்கிறது. கம்பர் வணங்கிய தேவி என்பது ஐதீகம். ஒவ்வொரு நவராத்திரிக்கும் இந்தச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறார்கள். புறப்படும் முன் உப்பரிகை மாளிகையில் வைத்து ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்கு நடக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வீட்டைப் பெருக்கி விளக்கேற்றியாக வேண்டும் என்கிற கட்டாயம் அது. தேவி வருகிற வீட்டில் ஒழுக்கு இருக்கலாமா?

1935-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூர் தொல்லியல் துறை இதை எடுத்துப் பழுதுபார்த்து, அருங்காட்சியகமாக்கிப் பாதுகாத்தது. பிறகு நடந்தது எங்கள் மாவட்டத்தின் பெரிய கதை. தமிழ் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் கல்குளம் உட்பட நாலு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி இந்தப் பக்கம் வந்தன. அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றது. இன்றும் டிக்கெட் கொடுப்பது கேரளத் தொல்லியல் துறைதான். நிலம் தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில்!

'நம்ம மண்ணில் அவங்க அரண்மனையா?' என்று சின்ன வயசில் நானும் கேட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஆவணம் பதில் சொல்லும். யார் ஏறி ஓடு மாற்றினார்கள் என்ற கேள்விக்குத்தான் கட்டடம் பதில் சொல்கிறது. அந்த வகையில் இந்த வேலை நடந்திருக்கிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இந்த அரண்மனை இடம் பெற்றது.

கூரையில் ஒருவர்

நாங்கள் போன அன்று பின்பக்கக் கூரை ஒன்றில் ஓட்டை இறக்கி வைத்து வேலை நடந்துகொண்டிருந்தது. வயசான ஆசாரி ஒருவர் கீழே உட்கார்ந்து ரீப்பர் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, "அண்ணாச்சி, இந்த மரமெல்லாம் எத்தனை வருஷப் பழசு?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். "எந்த மரத்தக் கேக்கிய? இந்தா, இந்த ரீப்பரு இன்னைக்கு வைக்கது. அந்தக் கைமரம் எங்க அப்பா காலத்துல மாத்துனது. அதத் தாங்குது பாருங்க உத்தரம், அது ராஜா காலத்துல உள்ளது."

மூன்று தலைமுறை ஒரே கூரையில். நாங்கள் 'நானூறு வருஷக் கட்டடம்' என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகிறோம். அவருக்கு ஒவ்வொரு மரத்துக்கும் தனி வயசு.

முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப் ஞாபகம் வருகிறதா? தெற்குப் பக்கம் ஓடு போட்ட அந்த ஷெட்டில் கார்பென்டரி. ஒரு நாட்டு மரத்துண்டைக் கொடுத்து டெனன் ஜாயிண்ட் செய்யச் சொல்வார்கள். இடைவெளி தெரிந்தால் ஆணி அடித்து மறைக்கப் பார்ப்போம். "ஆணி அடிச்சா மார்க் கிடையாது தம்பி" என்பார் இன்ஸ்ட்ரக்டர். ஏன் என்று அப்போது புரியவில்லை. இங்கே புரிந்தது. மரத்தில் துளை, அதில் புகும் கழுந்து, அதைப் பூட்ட ஒரு மரமுளை. முளையைத் தட்டி எடுத்தால் கைமரம் தனியே வரும். இற்றுப்போனதை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி பூட்டலாம். அதாவது, இந்தக் கூரையைக் கட்டினவன் கட்டும்போதே, 'என்றைக்காவது ஒருநாள் இன்னொரு ஆசாரி வந்து இதைக் கழற்றுவான்' என்று நினைத்து வழி விட்டிருக்கிறான். மழை தேங்காத செங்குத்துச் சாய்வு, சுவர் நனையாதபடி நீண்ட இறவாரம், ஈரமும் கரையானும் ஏறாதபடி கருங்கல் அடித்தளம், எல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் இருந்தும், வருஷா வருஷம் ஏறுகிற ஆள் இல்லையென்றால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஆசாரி அதையே வேறு மாதிரி சொன்னார்: "ஒழுக்கு கண்ட அன்னைக்கே ஏறிப் பாத்துரணும் சார். அப்ப ஒரு ஓடுதான் செலவு. அத விட்டா ரீப்பரு. ரீப்பர விட்டா கைமரம். கைமரத்த விட்டா உத்தரம். உத்தரமும் போச்சுன்னா, ஒரு இஞ்சினியரு வந்து இடிக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாரு."

நண்பர்கள் இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த என்ஜினியர் நான்தான்

எங்கள் வீடு பூட்டன் கட்டிய ஓட்டு வீடு. அயனி மரத்தில் நிரை, பலா மரத்தில் கதவு, மச்சில் பத்தாயம். 2017-ல் அடுக்களைப் பக்கம் ஒழுகியது. ஊருக்கு வந்த நான் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். மூன்று கைமரங்களும் ஒரு உத்தரத்தின் முனையும் இற்றிருந்தன. கீழே இறங்கி, பேப்பரில் இரண்டு எஸ்டிமேட் போட்டேன். பழுதுபார்த்தால் இவ்வளவு, இடித்துக் கான்கிரீட்டில் கட்டினால் இவ்வளவு. அடியில், 'பழுதுபார்ப்பது சிக்கனமல்ல' என்று எழுதிக் கையெழுத்தே போட்டேன். சொந்த வீட்டுக்குக் கையெழுத்து எதற்கு? வீட்டில் முதல் என்ஜினியர் என்கிற தோரணைதான்.

ஆச்சி மட்டும் கேட்டாள். "மக்களே, ஓடு மாத்துனா போதும்லா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது ஆச்சி. காலம் மாறிப்போச்சு" என்றேன்.

பழைய மரக்கடைக்காரர் ஆள் கூட்டி வந்தார். ஓட்டை இறக்கி, முளைகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஒரு மரமும் ஒடியவில்லை. ஒவ்வொன்றாகக் கழன்று முழுசாக இறங்கியது. ஒவ்வொரு கைமரத்தின் தலையிலும் உளியால் கொத்திய அடையாளக் கோடுகள் இருந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. எந்தக் குழிக்கு எந்தக் கழுந்து என்ற கணக்கு. மூன்று மரம் தவிர மற்றதெல்லாம் வைரம் பாய்ந்து கிடந்தது. கடைக்காரர் சாயங்காலத்துக்குள் லாரியில் ஏற்றிப் போய்விட்டார். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

கான்கிரீட் வீட்டில் ஆச்சி இரண்டு வருஷம் இருந்தாள். புழுக்கம் தாங்காமல் பெரும்பாலும் வெளித்திண்ணையிலேயே படுத்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள் போன பிறகு வந்த மழையில் மாடித்தளம் ஒழுக ஆரம்பித்தது. இரண்டு தடவை வாட்டர் புரூஃபிங் செய்தாயிற்று. கான்கிரீட்டைக் குறை சொல்லவில்லை. நாம் அதில்தான் சோறு சாப்பிடுகிறோம். நான் சொல்ல வருவது, எஸ்டிமேட் போட்ட அன்று எனக்கு ஒரு கணக்குத் தெரியவில்லை என்பதுதான். மூன்று கைமரமும் ஒரு உத்தர முனையும் மாற்ற என்ன செலவு என்று ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. கூலியை நானாகக் குத்துமதிப்பாகப் போட்டேன்.

நண்பர்களுக்கு

நம்மில் பலர் இன்று கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறோம். அரசுத் துறைகளில், கம்பெனிகளில், சொந்த அலுவலகங்களில். பழைய கட்டடம் ஒன்று உங்கள் மேஜைக்கு வந்தால், எழுதுவதற்கு முன் ஒரு ஆசாரியை மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதையும் கேட்ட பிறகு இடிப்பதென்றால் இடியுங்கள். அரண்மனை கட்டிய ராஜாக்களின் பெயர் எல்லாம் பலகையில் இருக்கிறது. நானூறு வருஷமாக ஓடு மாற்றியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. அவர்கள் பேச்சையாவது கேட்போம்.

மறுசந்திப்புக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்னொரு நாள் ஒதுக்கிப் பத்மநாபபுரம் வாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். கைடாக நான் வருகிறேன். டிக்கெட் அவரவர் செலவு!

ஒரு விஷயம். மலர்க்குழுக் கூட்டத்துக்குக் கல்லூரிக்குப் போனபோது கார்பென்டரி ஷெட்டை எட்டிப் பார்த்தேன். வடக்கு மூலையில் இரண்டு ஓடு உடைந்திருக்கிறது. ரீப்பர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. சங்கத்துக் கணக்கில் எழுதி, அனுமதி வாங்கி, தீர்மானம் போட்டு வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். ஏணி எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டு வைத்திருக்கிறேன். மறுசந்திப்பு அன்று காலையில் கொஞ்சம் சீக்கிரம் வரக்கூடியவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

(சிவில் பிரிவு, 2006–2010)